அடைத்த கணப்பும் 74 நிமிடப் பயமும்: வாசகர் கேள்வி–பதில்

டிவிக்காகவே எடுக்கப்பட்ட பழைய பேய்வீட்டுப் படங்களைப் பற்றி நீலகிரி, பழனி மலை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். படம் பார்த்துவிட்டுக் கேட்டவர்கள் சிலர். அதே பாணியில் ஒரு குறும்படம் எடுத்துவிடலாம் என்று பங்களா தேடிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

கே: இளம் தம்பதி, பாட்டி விட்டுப்போன பெரிய வீடு, செங்கல் வைத்து அடைத்த ஃபயர்ப்ளேஸ் (கணப்பு), உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் குட்டி உருவங்கள். எழுபதுகளில் வந்த ஆங்கிலப் படம். பெயர் என்ன? தியேட்டரில் ஓடியதா?
– வாசகர், கொடைக்கானல்

ப: 'டோன்ட் பி அஃப்ரெய்ட் ஆஃப் தி டார்க்'. தியேட்டர் பக்கம் போகாமல் நேராக வீட்டுக்கு வந்த படம். அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1973 அக்டோபர் 10 அன்று ஒளிபரப்பானது. இயக்கம் ஜான் நியூலாண்ட், இசை பில்லி கோல்டன்பர்க். மனைவி சாலியாக கிம் டார்பி, கணவனாக ஜிம் ஹட்டன். 'அடைத்தது அடைத்தபடியே இருக்கட்டும் அம்மா' என்கிற ரீதியில் தலைபாடாய் அடித்துக்கொள்ளும் வயதான தச்சராக வில்லியம் டெமரெஸ்ட். உள்ளே இருப்பவற்றுக்கு வெளிச்சம் ஆகாது. கதை முழுக்க அந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

ஏ.பி.சி. 1969 முதல் 1975 வரை 'மூவி ஆஃப் தி வீக்' என்று வாராவாரம் புதுப்படம் போட்டது. ஒதுக்கிய நேரம் 90 நிமிடம். விளம்பரமும் அறிவிப்பும் போக, படத்துக்குக் கிடைத்தது சுமார் 74 நிமிடம். அதையும் விளம்பர இடைவேளைகள் துண்டு துண்டாகப் பிரித்துவிடும். இடைவேளையில் ஆள் எழுந்து வேறு சேனலுக்குப் போய்விடக் கூடாது; அதனால் ஒவ்வொரு துண்டும் ஒரு கதவு அசைவதிலோ விளக்கு அணைவதிலோ முடியும். இன்று விளம்பரம் இல்லாமல் பார்க்கும்போது நடுநடுவே திரை கறுத்து மீள்கிறதே, அது பிரதியின் கோளாறு அல்ல. விளம்பரத்துக்கு விட்ட தையல்.

பேய்வீடு இந்த வகைப் படங்களுக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதற்குக் காரணம் கலை அல்ல, கணக்கு. டிவிப் படத்துக்குப் படப்பிடிப்பு நாட்கள் இரண்டு வாரம் கிடைத்தாலே பெரிது. ஒரே வீடு, நாலைந்து நடிகர்கள், பாதிக் காட்சி இரவு. யூனிட் இடம் மாற வேண்டாம், விளக்கைக் கழற்றி மாட்ட வேண்டாம். அந்தக் கஞ்சத்தனத்திலிருந்துதான் அதன் இறுக்கமும் வந்தது.

கே: 74 நிமிடப் படம் என்று எங்கும் போட்டிருக்கிறது. உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பிரதியில் 71 நிமிடம்தான் ஓடுகிறது. பயங்கரக் காட்சியை வெட்டிவிட்டார்களா?
– வாசகர், உதகை

ப: வெட்டவில்லை, வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். ஃபிலிம் விநாடிக்கு 24 ஃப்ரேம். ஐரோப்பாவின் பழைய 'பால்' (PAL) முறை டிவிக்கு 25 வேண்டும். வம்பே வேண்டாம் என்று 24-ஐ அப்படியே 25 ஆக ஓட்டிவிடுவார்கள். 74-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 71 வரும். கூடவே குரலும் ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறிவிடும். ஆண்குரல்கள் மெலிந்து கேட்பது அதனால்தான்.

கணினியில் வி.எல்.சி. பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். அதோடு விடாமல், ஆடியோ அமைப்பில் 'டைம் ஸ்ட்ரெச்சிங்' என்பதை அணைக்க வேண்டும். அது இயங்கினால் வேகம் மட்டும் குறையும், சுருதி ஏறியபடியே நிற்கும்.

கே: புது டிவியில் பார்த்தால் அந்தக் குட்டி உருவங்கள் சில காட்சிகளில் தலை மட்டும் எட்டிப் பார்க்கின்றன. அப்படித்தான் எடுத்தார்களா?
– வாசகி, குன்னூர்

ப: உங்கள் டிவி கீழ்ப்பகுதியை விழுங்கிவிட்டது. இந்தப் படங்கள் நாலுக்கு மூன்று என்ற சட்டத்துக்காக எடுக்கப்பட்டவை. 16க்கு 9 திரையை நிரப்ப 'ஜூம்' வைத்தால் மேலும் கீழும் சேர்த்து உயரத்தில் கால்வாசி போய்விடும். இந்தப் படத்தில் விஷயமே தரையோரத்தில், திரைச்சீலையின் அடியில், மேசைக்காலின் பக்கத்தில்தான் நடக்கிறது! 'ஸ்ட்ரெச்' வைத்தால் வெட்டு விழாது, ஆனால் எல்லோர் முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். ரிமோட்டில் படச்சட்டம் 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்று வையுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

கே: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அந்த உருவங்களை எப்படிச் செய்தார்கள்? நாங்கள் கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர், கையில் ஒரு கேமராவும் இரண்டு போனும் இருக்கின்றன. முடியுமா?
– வாசகர், குன்னூர்

ப: அவர்கள் செய்தது பழைய நாடகமேடை வித்தை. உயரம் குறைந்த நடிகர்களுக்குச் சுருங்கிய முகமூடியும் ரோமச் சட்டையும் போட்டு, அவர்களைச் சுற்றி எல்லாவற்றையும் பெரிதாகக் கட்டினார்கள். ஃபெலிக்ஸ் சில்லா, டமாரா டி ட்ரூ, பேட்டி மலோனி ஆகியோர் நடித்தது இப்படித்தான்.

கணக்கு எளிது. நடிப்பவர் உயரம் 120 செ.மீ., திரையில் தெரியவேண்டியது 20 செ.மீ. என்றால் ஆறு மடங்கு. 5 செ.மீ. தீப்பெட்டி 30 செ.மீ. ஆகும். 22 செ.மீ. புத்தகம் 132 செ.மீ. ஆளுயரப் பலகை ஆகும். 4 மி.மீ. கயிறு 24 மி.மீ. வடம் ஆகும். அளவை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள், மாட்டிக்கொள்வது மேற்பரப்பில். பிளைவுட்டின் மரவரி ஆறு மடங்கு பெரிதாகாதே! அதன் மேல் பெயின்ட் அடித்து, விரல் அகலத்துக்கு வரிகளைக் கையால் இழுக்க வேண்டும். உடுப்பும் அப்படியே. பருத்தி, பாலியெஸ்டர் மடிப்புகள் 'நான் பெரிய ஆள்' என்று காட்டிக்கொடுக்கும். இழை தடித்த சாக்குத்துணிதான் சரி.

அடுத்தது அசைவு. சின்ன உயிரினம் சுறுசுறுப்பாக நகரும். விநாடிக்கு 20 ஃப்ரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் அந்தத் துடிப்பு வரும். போனில் எடுத்தால் எடிட்டிங்கில் 115 முதல் 120 சதவீதம் வேகம் கூட்டுங்கள். அதற்கு மேல் போனால் ஊமைப்பட நகைச்சுவை ஆகிவிடும். பெரிதாகச் செய்த பொருள் கீழே விழும் காட்சி மட்டும் விதிவிலக்கு: ஆறு மடங்கு உயரத்திலிருந்து விழ சுமார் இரண்டரை மடங்கு நேரம் ஆகும். அந்த ஷாட்டைத் தனியாக எடுத்து அதே அளவு வேகம் கூட்ட வேண்டும். நடிகர் அதில் இருக்கக் கூடாது.

ஐந்து பேர் சேர்ந்து ராட்சதத் தீப்பெட்டி செய்யப் பணம் ஆகும் என்றால் தூரத்தை வைத்து ஏமாற்றுங்கள். மேசை விளிம்பும் அதன் மேல் ஒரு டம்ளரும் லென்ஸிலிருந்து 1 மீட்டரில். வேடம் போட்டவர் 6 மீட்டரில். டம்ளர் பக்கத்தில் அவர் ஆறில் ஒரு பங்கு ஆளாகத் தெரிவார். லென்ஸ் மேசை விளிம்பின் உயரத்துக்கு ஒரு விரல் மேலே இருக்க வேண்டும். தூரத்து ஆள் நிற்கும் பலகையின் மட்டமும் அந்த விளிம்போடு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் மிதப்பார். இரண்டும் கூர்மையாகத் தெரிய ஏ.பி.எஸ்.-சி (நடுத்தர அளவு) சென்சார் கேமராவில் 18 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 8, ஃபோகஸ் 1.7 மீட்டர். ஆட்டோஃபோகஸை அணையுங்கள். சென்சார் சின்னதாக உள்ள பழைய போனில் இது இன்னும் சுலபம்.

இந்த வித்தை தோற்பது பெரும்பாலும் வெளிச்சத்தில். மேசைக்கு மஞ்சள் விளக்கு, தூரத்து ஆளுக்கு வெள்ளை ட்யூப்லைட் என்றால் ஒட்டு தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே நிற பல்பு, ஒரே பக்கத்திலிருந்து, ஒரே அளவு.

எப்படி எடுத்தாலும் சரி, 12 நிமிடப் படத்தில் உருவம் முழுசாகத் தெரிவது மொத்தம் 15 விநாடிக்கு மேல் வேண்டாம். அந்த டிவிப் படத்திலும் நிறைய நேரம் நாம் பார்ப்பது ஒரு கை, ஒரு நிழல், அசையும் துணி.

கே: எங்களுக்குக் கிடைத்த பழைய எஸ்டேட் பங்களாவில் நிஜமாகவே அடைத்த ஃபயர்ப்ளேஸ் ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர் 'உடைத்துக்கொள்ளுங்கள், பூசிக் கொடுத்தால் போதும்' என்கிறார். உடைக்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

ப: அந்த டிவிப் படத்தின் தச்சர் சொன்னதைத்தான் நாங்களும் சொல்வோம். பேய்க்காக இல்லை. கூரை மாற்றும்போது புகைபோக்கியின் வாயைத் தகரமோ சிலாப்போ போட்டு மூடியிருப்பார்கள். உள்ளே பறவைக் கூடும் தேனடையும் இருக்கும். சுண்ணாம்புச் சாந்து இற்றுப்போய்ச் செங்கல் தொங்கிக்கொண்டிருக்கும். திறந்துவிட்டு 'சும்மா ஒரு ஷாட்டுக்கு' நெருப்பு வைத்தால் புகை முழுதும் அறைக்குள்தான் வரும்.

பொய் முகப்பு ஒன்றே போதும். திறப்பு 90 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், 12 மி.மீ. பிளைவுட் சட்டத்தின் மேல் 20 மி.மீ. தெர்மோகோலில் செங்கல் வெட்டி ஒட்டலாம். ஒரு செங்கல் முகம் 23க்கு 7.5 செ.மீ., இடைவெளி 1 செ.மீ. ஒன்பது வரிசை, வரிசைக்கு ஏறக்குறைய நான்கு. 40 வெட்டி வைத்தால் உடைந்தது போக மிஞ்சும். கம்பி பிரஷ்ஷால் முகத்தைக் கீறி, ஃபெவிகாலில் காவிப்பொடியும் கொஞ்சம் கரித்தூளும் கலந்து இரண்டு கோட்டு. எனாமல் பெயின்ட், தின்னர், ஸ்ப்ரே பெயின்ட் எதுவும் கிட்டே வரக் கூடாது, தெர்மோகோல் உருகிக் குழி விழும். ஒட்டுவதற்கும் தண்ணீரில் கரையும் பசைதான்.

கரி படிந்த தடம் திறப்பின் மேல் விளிம்பிலிருந்து விசிறி மாதிரி மேலே விரிய வேண்டும். நிறையப் பேர் சுற்றிலும் சமமாக அப்பிவிடுகிறார்கள். நெருப்பே பார்க்காத சுவர் என்று மலைக்காரர் கண்ணுக்கு உடனே தெரியும். படத்தில் சாலி திறப்பதும் பெரிய வாயை அல்ல, சாம்பல் அள்ளும் சின்ன இரும்புக் கதவை. பழைய இரும்புக் கடையில் 20க்கு 15 செ.மீ. அளவில் ஒரு மூடி வாங்கி நாலு போல்ட் போட்டு மாட்டுங்கள். போல்ட் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தமே ஒரு நிமிடக் காட்சிக்குத் தாங்கும்.

உள்ளே நெருப்பு வெளிச்சத்துக்கு 9 வாட் வார்ம் எல்.இ.டி. பல்பு இரண்டு, முன்னால் ஆரஞ்சு ஜெல் தாள் (விளக்குக்கு நிறம் தரும் கண்ணாடித்தாள்). கடையில் கிடைக்கும் 'ஃப்ளிக்கர்' பல்பு ஒரே தாளத்தில் மினுங்கி எரிச்சலூட்டும். துணி நாடாக்களைக் குச்சியில் கட்டி விளக்கின் முன்னால் ஒருவர் கையால் ஆட்டுவது பார்க்கக் கேலியாக இருந்தாலும் திரையில் அதுதான் நெருப்பு. தெர்மோகோல் பக்கத்தில் மெழுகுவத்திகூட வேண்டாம்.

கே: அந்தக் காலத்து டிவிப் படங்களில் இருட்டு வீடு என்கிறார்கள், ஆனால் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஏன்? இருட்டை எப்படி எடுப்பது? அப்படியே, நம் ஊட்டி ஃபிலிம் இதற்கெல்லாம் பயன்பட்டதா?
– வாசகர், உதகை

ப: அன்று ஹாலிவுட் வண்ணப்படங்களுக்குப் புழங்கிய ஈஸ்ட்மேன் 5254 நெகட்டிவின் வேகம், அதாவது வெளிச்ச உணர்திறன், 100 ஏ.எஸ்.ஏ. இன்று போனில் சாதாரணமாக வைக்கும் 800 ஐ.எஸ்.ஓ. அதைவிட எட்டு மடங்கு உணர்திறன் கொண்டது. அவர்கள் 'மெழுகுவத்தி வெளிச்சம்' என்று காட்டியதில் மெழுகுவத்தி நடிகர் மட்டுமே. வேலை செய்தது மறைவில் இருந்த பெரிய விளக்கு. தவிர, வீட்டு டிவியில் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும், பார்ப்பவர் அறையில் ட்யூப்லைட் எரியும். முழு இருட்டை நம்பினால் ஒன்றும் தெரியாது. அதனால் சட்டத்துக்குள் எப்போதும் ஒரு பொருள் வெளிச்சமாக இருக்கும்.

உங்களுக்கும் அதுவே வழி. முகத்தின் ஒரு பக்கத்துக்கு ஒரு விளக்கு. மறுபக்கம் அதைவிட மூன்று ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). நடிகரைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். வெள்ளையடித்த பங்களாச் சுவர் எல்லா வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பி இருட்டைக் கெடுக்கும். கேமராவுக்குத் தெரியாத சுவர்களில் கறுப்புக் கம்பளி தொங்கவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்: விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் விநாடியில் 50-ல் ஒன்று. போன் தானாக 60-ல் ஒன்றுக்குத் தாவினால் திரையில் பட்டை ஓடும். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் எடுக்க நேர்ந்தால் முதலில் பத்து விநாடி எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள். விலை குறைந்த இன்வெர்ட்டரின் சதுர அலையில் சில எல்.இ.டி. பல்புகள் துடிக்கும், டிம்மர் உறுமும்.

உதகை இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். 'இந்து' என்ற பெயரில் அது பேர்வாங்கியது கறுப்பு-வெள்ளை ஃபிலிமிலும் எக்ஸ்ரே ஃபிலிமிலும். மேலே சொன்ன அமெரிக்கப் படங்கள் எடுக்கப்பட்டது வண்ண நெகட்டிவில்.

கே: பகலில் எடுத்து இரவாகக் காட்ட முடியுமா? ராத்திரி தோட்டத்தில் நிற்கப் பயமாக இருக்கிறது, காட்டெருமைதான் காரணம்.
– வாசகி, கோத்தகிரி

ப: நியாயமான பயம். வெயிலடிக்கும் பகலில், வானம் சட்டத்துக்குள் வராமல், சூரியனை நடிகருக்குப் பின்னால் வைத்து, இரண்டு ஸ்டாப் குறைத்து, வைட் பேலன்ஸ் (கேமராவின் நிறச் சமன்) 3200-ல் வைத்து எடுத்தால் நிலவொளி மாதிரி வரும். மஞ்சு இறங்கிய நாளில் இது பலிக்காது; நிழலே இல்லாத சாம்பல் பகல்தான் கிடைக்கும். அன்றைக்கு அந்தி நேரத்தை நம்புங்கள். சூரியன் மறைந்த பிறகு சுமார் 20 நிமிடம் நீல வெளிச்சம் இருக்கும். நடிப்பை முன்பே ஒத்திகை பார்த்துவிட்டு அந்த 20 நிமிடத்தில் எடுக்க வேண்டியது ஜன்னல் விளக்கு தெரியும் பங்களா முகப்பு மட்டுமே. வேறு ஆசை வேண்டாம்.

தனியார் தோட்டமானால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி, வனநிலமானால் வனத்துறை அனுமதி. கோத்தகிரிப் பக்கம் கரடியும் உண்டு. எண்ணெய் விளக்கு, சாப்பாட்டுப் பொட்டலம் எதையும் வெளியே விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.

கே: சுவருக்குள்ளிருந்து வரும் கிசுகிசுப்பை எப்படிப் பதிவு செய்வது? எங்கள் முயற்சி ஏதோ வானொலி நாடகம் மாதிரி இருக்கிறது.
– வாசகி, கூடலூர்

ப: எதிரொலியை அள்ளிப் போட்டிருப்பீர்கள். முதலில் எதிரொலி துளியும் இல்லாத வறட்டுப் பதிவு வேண்டும். ஜன்னல் மூடிய அறை, கட்டிலில் ரஜாய் கூடாரம், அதற்குள் மைக். வாயிலிருந்து 8 செ.மீ., நேராக இல்லாமல் கன்னத்தின் பக்கமாக. நேராக வைத்தால் 'ப', 'த' எல்லாம் அடிக்கும். தொண்டையில் குரல் துளியும் கலக்காமல் காற்றால் மட்டும் பேச வேண்டும். மூன்று பேர், ஒவ்வொருவரும் மூன்று முறை, கொஞ்சம் மெதுவாக. பிறகு வேகத்தை 1.25 ஆக்குங்கள், சுருதியும் கூடவே ஏறட்டும். ஏறக்குறைய நாலு அரைச்சுரம் உயர்ந்து, ஆணா பெண்ணா என்று தெரியாத சன்னக்குரல் கிடைக்கும். ஒன்பது பதிவில் நாலைந்தை எடுத்து, ஒன்றுக்கொன்று கால் விநாடி முன்பின்னாக அடுக்குங்கள். ஒரு குரல் மட்டும் தெளிவாக நாயகியின் பெயரைச் சொல்ல, மற்றவை அதன் அடியில் ஊர வேண்டும்.

இடத்தின் சாயலுக்கு செயற்கை எதிரொலி வேண்டாம். கலந்த ஒலியைச் சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் போட்டு, அதை மர அலமாரிக்குள்ளோ மச்சுக்குள்ளோ வைத்து, வெளியே இரண்டு மீட்டரில் மைக் வைத்துத் திரும்பப் பதியுங்கள். பலகை நடுவில் இருப்பதால் கூர்மை மழுங்கி, சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று காது நம்பிவிடும். வசனம் புரியாமல் போனால் முதல் பதிவிலிருந்து கொஞ்சம், மூன்றில் ஒரு பங்கு வரை, சேர்க்கலாம்.

அந்தக் கால டிவியின் ஸ்பீக்கரால் அடித்தொண்டை உறுமலைத் தர முடியாது. ஆனால் கிசுகிசுப்பு நடுத்தர, மேல் அதிர்வெண்களில் பரவுகிற ஒலி. எந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் கெடாமல் வரும். உங்கள் படத்தையும் பாதிப் பேர் போன் ஸ்பீக்கரில்தான் கேட்கப்போகிறார்கள். 'டும்' என்ற பாஸ் ஒலிக்குச் செலவழிப்பதை விட்டு இதற்கு உழையுங்கள்.

கே: இங்கே மஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஜன்னலைத் திறந்து வீட்டுக்குள் விட்டால் புகை இயந்திரம் மிச்சம்தானே?
– வாசகர், கொடைக்கானல்

ப: வராது. வெளியே 10 டிகிரியில் நிற்கும் மஞ்சு 20 டிகிரி அறைக்குள் வந்ததும் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய பாதியாகிவிடும், துளிகள் காய்ந்து மாயமாகும். மிஞ்சுவது குளிரும் தும்மலும். 400 வாட் புகை இயந்திரம் ஒன்று வாடகைக்கு எடுங்கள். சூடேற நாலைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குரிய திரவம் மட்டுமே ஊற்ற வேண்டும். ஐந்து விநாடி ஊதி, ஃபேன் வைத்துப் பரப்பி, ஐந்து நிமிடம் காத்திருந்து எடுத்தால்தான் அறை முழுக்க ஒரே சீராக நிற்கும். விளக்கு பின்னாலிருந்து வர வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் வெள்ளைத் திரை கட்டினாற்போல இருக்கும். காசில்லை என்றால் சாம்பிராணி, ஜன்னல் ஒன்று திறந்தபடி. கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, தூக்கம், அவ்வளவுதான்.

குளிரில் வெளியே எடுத்துவிட்டு உள்ளே வரும்போது கேமராவை வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி எடுத்து வாருங்கள். முக்கால் மணி நேரம் கவருக்குள்ளேயே இருக்கட்டும். ஈரம் கவரின் மேல் படியும், லென்ஸில் படியாது.

கே: அப்பா எண்பதுகளில் டிவியிலிருந்து பதிந்த பேய்ப்பட வி.ஹெச்.எஸ். கேசட்டுகள் ஒரு பெட்டி இருக்கின்றன. கேசட்டின் சன்னலில் பார்த்தால் டேப்பின் ஓரத்தில் வெள்ளையாக மாவு மாதிரி. டெக்கில் போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், குன்னூர்

ப: போடவே போடாதீர்கள். அது பூசணம். ஒரு கேசட்டைப் போட்டால் டெக்கின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் முனையில்) ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். பூசணம் பிடித்த ஓரம் ஒட்டிக்கொண்டு, சுற்றும்போது டேப் நெடுக்காகக் கிழிவதும் உண்டு.

முதலில் நல்லதையும் கெட்டதையும் தனித்தனிப் பெட்டியில் பிரியுங்கள். கெட்டதைக் காற்றுப் புகாத டப்பாவில், கேசட்டுக்கு 50 கிராம் கணக்கில் சிலிகா ஜெல் போட்டு இரண்டு வாரம் வையுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பிப்ரவரி, மார்ச் நல்லது. நன்றாகக் காய்ந்த பூசணம் பொடியாக உதிரும், ஈரமானது கூழாக இழுபடும். சிலிகா ஜெல் நிறம் மாறினால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து மீண்டும் பயன்படுத்தலாம். கேசட்டை ஓவன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பிறகு மொட்டைமாடியிலோ வராந்தாவிலோ, என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு, உறையின் அடியில் உள்ள ஐந்து ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். லேபிள் இணைப்பின் மேல் ஒட்டியிருந்தால் முதலில் பிளேடால் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூடி திடீரென்று பிய்ந்து ஸ்பிரிங் பறக்கும். திறப்பதற்கு முன்னும் பின்னும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; டேப் எந்த உருளைக்கு உள்ளே, எதற்கு வெளியே போகிறது என்பது திரும்பப் பூட்டும்போது நினைவிருக்காது. சுருளின் முகத்தை உலர்ந்த, நார் உதிராத துணியால் துடையுங்கள். பிடிவாதமான இடத்துக்கு மட்டும் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், துணி ஈரமாகும் அளவு. கை கழுவும் சானிடைசர் உதவாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு.

துடைத்த சுருளை வேறு சுத்தமான உறைக்கு மாற்றி, இதற்கென்றே வைத்த ஓட்டை டெக்கில் முழுக்க ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றுங்கள். அதற்குப் பிறகுதான் நல்ல டெக். ஒவ்வொரு கேசட்டுக்கும் பிறகு ஹெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும்: ஆல்கஹால் நனைத்த ஷாம்வா தோலை (மெல்லிய துடைக்கும் தோலை) ஹெட் இருக்கும் டிரம்மில் அசையாமல் பிடித்து, டிரம்மை விரலால் மெல்லச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். காது குடையும் பஞ்சு கூடாது, அதன் இழை மாட்டிக்கொள்ளும்.

கணினிக்கு மாற்றும்போது 720க்கு 576, 25 ஃப்ரேம், இன்டர்லேஸ் (வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் காட்டும் பழைய டிவி முறை) அப்படியே. லாஸ்லெஸ் (தகவல் இழக்காத) வடிவில் மணிக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும். அதை ஹார்ட் டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிட்டு, பார்ப்பதற்கு வேறு சின்னப் பிரதி செய்யுங்கள். முதல் பதிவிலேயே டீ-இன்டர்லேஸ் செய்துவிட்டால் போன அசைவு திரும்பாது. டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி இருந்தால் படத்தின் மேல்பக்கம் கோணி ஆடுவது நிற்கும். நடுவில் வரும் பழைய விளம்பரங்களை வெட்டாதீர்கள். படத்துக்கு வேறு பிரதி எங்காவது கிடைக்கும், அந்த விளம்பரங்களுக்குக் கிடைக்காது.

கே: இதே வகையில் வேறு என்ன பார்க்கலாம்?
– வாசகி, பந்தலூர்

ப: 1970-ல் ஏ.பி.சி.யில் வந்த 'தி ஹவுஸ் தட் வுட் நாட் டை': இயக்கம் ஜான் லூவெலின் மாக்ஸி, நடிப்பு பார்பரா ஸ்டான்விக். நிதானமான பழையகாலத்து ஆவிக்கதை. 1972 ஜனவரியில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்த 'சம்திங் ஈவில்' இளம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்தது. கதை சுமார், கேமராவுக்காகப் பார்க்கலாம். ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருக்கிறது என்றால் பிபிசியின் 'தி ஸ்டோன் டேப்'. நைஜல் நீல் எழுதியது, 1972 கிறிஸ்துமஸ் இரவில் ஒளிபரப்பானது. ஒரு பழைய அறையின் கல் நடந்ததையெல்லாம் பதிந்து வைத்திருக்கிறதா என்று பொறியாளர்கள் கருவிகளோடு ஆராய்கிறார்கள். ஒலிக்காக மட்டுமே ஹெட்போனில் கேட்கத் தகும்.

கே: 'டோன்ட் பி அஃப்ரெய்ட்' படத்தைத் திரும்ப எடுத்தார்களாமே? பிள்ளைகளோடு பார்க்கலாமா?
– வாசகர், கொடைக்கானல்

ப: கில்லெர்மோ டெல் டோரோ கூட்டாக எழுதித் தயாரிக்க, ட்ராய் நிக்ஸி இயக்கினார், அமெரிக்காவில் 2011 ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தது. பழையதில் மனைவியாக இருந்த சாலி இதில் சிறுமி. உருவங்கள் கணினியில் செய்தவை, நன்றாக, நெருக்கமாக, அடிக்கடி தெரிகின்றன. எங்கள் கணக்கில் பயம் குறைந்ததும் அங்கேதான். ஆனாலும் அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் (17 வயதுக்குட்பட்டவர் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்) வாங்கிய படம், சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. பழையதில் ரத்தம் அதிகமில்லை; பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் கூட உட்கார்ந்து பார்க்கலாம். முடிவு மட்டும் டிவிப் படத்துக்கு வழக்கமில்லாத அளவு இரக்கமற்றது, அதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.